மேற்கு முதல்

இரவு ஒன்று நாற்பது.
ஓர்ஸ் ஹில் மேட்டில் என் அறை,
மேசை விசிறி, ஆறிப்போன முட்டை ரொட்டி.
திரையில் ஒரு நகரம்:
நாலுக்கு நாலு, பதினாறு வீடு,
ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சந்தி.
வார்த்து முடித்தால்
என் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும் சில்லு.
இன்னும் வார்க்கவில்லை.
கணக்கில் மட்டும் ஓடுகிறது.

பொதி முழுசாய்ப் போவதில்லை,
துண்டு துண்டாய்ப் போகும்.
தலைத் துண்டுக்குத்தான் போகுமிடம் தெரியும்.
பின்னால் வருபவை
முன்னால் போனதன் முதுகைப் பார்த்தே வரும்.
வால் கடந்த பிறகுதான் வழி அடுத்தவருக்கு.
தலை எங்காவது நின்றால்
உடல் மூன்று சந்திக்கு நீட்டிப் படுத்துவிடும்,
பஸ் நிலையத்தடி மான்களைப் போல,
ஹோர்ன் அடித்தால் காதை மட்டும் அசைத்து.

நாற்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டாம் துடிப்பில்
எல்லாம் நின்றது.
பிழைச் செய்தி இல்லை.
ஒன்றும் உடையவில்லை, ஒன்றும் தொலையவில்லை.
ஐந்தாம் சந்தி ஆறுக்காகக் காத்திருந்தது,
ஆறு பத்துக்காக,
பத்து ஒன்பதுக்காக,
ஒன்பது ஐந்துக்காக.
நாலு பேருமே நியாயமானவர்கள்.
யாரைக் கேட்டாலும் ஒரே பதில்:
முன்னால் இருப்பவர் இடம் விடட்டும்,
நான் உடனே போகிறேன்.

கிண்ணியாவில் சிஹாராவும் முழித்திருந்தாள்.
"காத்திருக்கிற இடத்தைப் பெருசாக்கிப் பாரன்."
நாலை எட்டாக்கினேன். நின்றது, கொஞ்சம் பிந்தி.
பதினாறாக்கினேன்.
இன்னும் பிந்தி, இன்னும் பெரிய கூட்டத்தோடு.

ஐந்து மணிக்குப் பிளேன்டீக்காக இறங்கினேன்.
சந்தைக் கட்டடத்தின் நாலு மூலையிலும்
நாலு வாகனம் ஒன்றின் வாலில் ஒன்று:
தண்ணி பவுசர், கந்தளாய் பஸ்,
வெங்காயம் ஏற்றிய லேண்ட்மாஸ்டர்,
வடக்கிலிருந்து வந்து மேற்கே திரும்பப் பார்த்த ஐஸ் லொறி.
லொறியின் அடியில் தார் நனைந்துகொண்டிருந்தது.
மற்ற மூவருக்கும் நேரம்தான் போனது,
அவனுக்குச் சரக்கே போனது.

பஸ் கண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி கத்தினான்:
"ஆஸ்பத்திரிப் பக்கம் போறதெண்டா
முன் சந்தியிலயே திரும்பியிருக்கோணும்!"
லொறிக்காரன் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான்.
சொல்லிவிட்டு, திரும்பாமல்,
நேரே தெற்கே போனான்.
ஒரு மூலை கழன்றது,
மற்ற மூன்றும் தானாக நகர்ந்தன.

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.
மேற்கே போகவேண்டியது எதுவோ
அது முதலில் மேற்கே போகட்டும்.
தெற்கே இறங்கிய பின், வடக்கே ஏறிய பின்
மேற்கே திரும்பக்கூடாது.
எட்டுத் திருப்பத்தில் இரண்டுக்கு மட்டும் தடை.
வட்டம் மூடவே முடியாது.

தடை என்று தட்டச்சு செய்யும்போது விரல் கொஞ்சம் நின்றது.
திரும்பாதே என்ற பலகை இந்த ஊருக்குப் புதிதா என்ன.
பீப்பாய்கள் நின்ற ஒரு வளைவை
என் கால் இன்னமும் சுற்றிப் போகிறது,
பீப்பாய்கள் போய் எத்தனையோ வருஷம்.
அந்தத் தடை அடையாள அட்டை வாசித்தது.
இது பொதியின் பெயரைக்கூடக் கேட்காது,
திசையை மட்டும் பார்க்கும்.
இரண்டுக்கும் ஒரே சொல்தான் இருக்கிறது என்னிடம்.

இரண்டு இலட்சம் துடிப்பு. நிற்கவில்லை.
சராசரித் தாமதம் நூற்றுக்கு மூன்று கூடியிருக்கிறது.
சிஹாரா ஒரு கட்டைவிரல் அனுப்பினாள்,
பிறகு ஒரு கேள்வி:
"கிழக்க போறதுக்கு எத்தனையோ வழி,
மேற்க போறதுக்கு ஒண்டே ஒண்டு.
இது நியாயமா?"

இல்லை.
பன்னிரண்டாம் சந்தி இப்போதே சிவந்து கிடக்கிறது,
மேற்கு ஓரத்தில், மூலையில்.
திங்கட்கிழமை பார்க்க வேண்டும்.

வெளியே கிழக்கில் கடல் வெளுக்கிறது.
கீழே வீதியில் ஒரு மான் எழும்பி,
எந்தப் பக்கம் என்று கொஞ்சம் யோசித்து,
அதே இடத்தில் மறுபடி படுத்துக்கொண்டது.